பழைய அமெரிக்க கார் பந்தயங்களின் துணைப் போட்டிகள்: "அமெச்சூர்" என்று போட்டிருந்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

மண்தடம் கேட்டது:

1904 முதல் 1911 வரை அமெரிக்காவில் நடந்த பந்தயக் கூட்டங்களின் முடிவுகளை ஒரே அட்டவணைக்குள் கொண்டுவரும் வேலை நடக்கிறது. வாண்டர்பில்ட் கோப்பை, சவானா கிராண்ட் பிரைஸ் மாதிரி பெரிய பந்தயங்களில் பிரச்சினை இல்லை. அவற்றோடு சேர்த்து ஓட்டிய சின்னப் பந்தயங்கள்தான் தலைவலி. ஒரு கூட்டத்தில் "அமெச்சூர்" என்று தலைப்பு, இன்னொன்றில் "ஸ்வீப்ஸ்டேக்ஸ்", மற்றொன்றில் வெறும் கன அங்குல எண்கள் (எஞ்சின் சிலிண்டர்களின் கொள்ளளவு).

துணைப் பந்தயம் என்றாலே அமெச்சூர்களுக்கானது என்று எடுத்துக்கொள்ளலாமா? அமெச்சூர் என்று யாரை ஏற்றுக்கொண்டார்கள்? எடை, விலை, கன அங்குலம் என்று ஆண்டுக்கு ஆண்டு பிரிவு மாறுகிறதே, எதை வைத்து ஒப்பிடுவது? ஹேண்டிகேப் (மெதுவான காரை முன்னதாகப் புறப்பட விடும் பந்தயம்) முடிவுகளை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்பைக்கணக்கு பதில்:

முதலில் இரண்டு வகையைப் பிரித்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். ஒரு வகை காரைப் பார்த்துப் பிரித்தது. இன்னொன்று ஆளைப் பார்த்துப் பிரித்தது. அமெச்சூர் பந்தயம் இரண்டாவது வகை மட்டும்தான்.

காரைப் பார்த்துப் பிரித்ததற்கு நல்ல உதாரணம் இண்டியானாவின் கிரௌன் பாயிண்ட். 1909 ஜூன் 18 அன்று சின்ன கார்களுக்கு இண்டியானா கோப்பை, மறுநாள் பெரிய கார்களுக்கு கோப் கோப்பை. முதல் நாள் வென்றவர் சால்மர்ஸ்-டெட்ராய்ட் ஓட்டிய ஜோ மேட்சன். இரண்டாம் நாள் பியூக்கில் லூயி செவ்ரொலே. இரண்டு பேருமே கம்பெனிக்காக ஓட்டியவர்கள். சவானாவில் 1908 நவம்பர் 25 அன்று நடந்த இலகு கார் பந்தயமும் அப்படித்தான். 9.8 மைல் சுற்றில் 20 சுற்று, மொத்தம் 196 மைல். லான்சியாவில் ஹில்லியர்ட் வென்றார். மறுநாள் கிராண்ட் பிரைஸ். இவை எல்லாம் துணைப் பந்தயங்கள். ஆனால் பந்தயத்தை விளம்பரமாக நினைத்த கம்பெனிகளின் களம் அது. "சின்ன கார், அதனால் அமெச்சூர்" என்று எழுதினால் அட்டவணை முழுக்கத் தவறாகிவிடும்.

அமெச்சூர் என்பதற்கு அடிப்படை பணம்தான், திறமை அல்ல. சொந்தக் காரைத் தானே ஓட்டுபவர். கார் கம்பெனியிடமோ விற்பனை ஏஜெண்டிடமோ ஓட்டுவதற்குச் சம்பளம் வாங்காதவர். பரிசாகக் கோப்பையையோ வெள்ளித் தட்டையோ எடுத்துக்கொள்பவர், ரொக்கத்தை அல்ல. அன்றைக்கு வேகமான ஒரு மெர்சிடிஸையோ ஃபியட்டையோ சொந்தமாக வைத்திருக்க முடிந்தவர் பெரும் பணக்காரர்தான். ஆக, அமெச்சூர் பட்டியலில் இருப்பவர்கள் பலவீனமான காரோடு வந்த புதியவர்கள் என்று நினைக்க வேண்டாம். பல கூட்டங்களில் அவர்கள் கையில் இருந்த கார் தொழில்முறை ஓட்டுநர்களின் காருக்குச் சமம், சில சமயம் அதைவிட மேல்.

டேவிட் புரூஸ்-பிரௌன் 1908இல் ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் அமெச்சூராக வந்து, கோடீஸ்வரர் வில்லியம் கே. வாண்டர்பில்ட் வைத்திருந்த அமெச்சூர் மைல் சாதனையை உடைத்தார். 1910 நவம்பரில் சவானா கிராண்ட் பிரைஸையே வென்றார். கேலப் பிராக் 1910 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் மோட்டார்டிரோமில் பார்னி ஓல்ட்ஃபீல்டை நேருக்கு நேர் தோற்கடித்தார், 1912இல் மில்வாக்கியில் கிராண்ட் பிரைஸ் அவருடையது. ஸ்பென்சர் விஷார்ட், எடி ஹெர்ன் இருவரும் இதே வரிசை. 1911இல் முதல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் இந்த நால்வருமே இருந்தார்கள். புரூஸ்-பிரௌன் மூன்றாவது, விஷார்ட் நான்காவது. ஹெர்ன் பின்னாளில், 1923இல், ஏஏஏ (பந்தயங்களுக்கு அனுமதி தந்த அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம்) தேசிய சாம்பியன் ஆனார். அதனால் ஓட்டுநர் பெயருக்கு எதிரே நிரந்தரமாக "அமெச்சூர்" என்று போடாதீர்கள். அந்தந்தப் பந்தய வரியில் போடுங்கள். ஒரே ஆள் இரண்டு ஆண்டு இடைவெளியில் வேறு நிலையில் இருப்பார்.

அமெச்சூர் போட்டியை எங்கே தேட வேண்டும் என்பதும் முக்கியம். ஆர்மண்ட்-டேடோனா கடற்கரைக் கூட்டங்கள், குதிரைப் பந்தயத்துக்காகப் போட்ட ஒரு மைல் மண் தடங்கள், மலையேற்றப் போட்டிகள், இந்த மூன்றும்தான் அவற்றின் இயல்பான இடம். 5 மைல், 10 மைல் என்று குட்டிப் பந்தயங்களை ஒரே மாலையில் அடுக்க அங்கே முடியும். பொதுச் சாலைகளை மூடி, நூற்றுக்கணக்கான மைல் ஓட்டும் கூட்டத்தில் அமெச்சூர்களுக்கு என்று தனிப் பந்தயம் வைக்க யாருக்கும் மனம் வராது. அங்கே அவர்கள் பெரிய பந்தயத்திலேயே நுழைந்துவிடுவார்கள்.

அமெச்சூர், தொழில்முறை இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் பகுதி உண்டு. கம்பெனி முதலாளியின் மகன், ஏஜென்சி வைத்திருப்பவர், டயர் வியாபாரி. பந்தயம் இல்லையென்றாலும் 1905 கிளிடன் சுற்றுப்பயணம் (கார்களின் நம்பகத்தன்மையைச் சோதித்த நெடுந்தூர ஓட்டம்) இதற்குச் சரியான சாட்சி. உரிமையாளர்களுக்கான அமெச்சூர் போட்டியாகத் தொடங்கிய அதன் முதல் ஆண்டிலேயே வென்றவர் பியர்ஸ் காரில் வந்த பெர்சி பியர்ஸ், அந்தக் கம்பெனி முதலாளியின் மகன். இத்தகையவர்களுக்கு "தொழில் தொடர்பு" என்று மூன்றாவது குறி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அமெச்சூர், தொழில்முறை என்ற இரண்டே பெட்டியில் எல்லோரையும் அடைத்தால் பின்னால் பிரித்தெடுக்க முடியாது.

கியர்பெட்டி பதில்:

கோப்பைக்கணக்கு சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கார் பிரிவுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூன்று முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, கொஞ்ச காலம் ஒன்றோடொன்று கலந்தும் இருந்தன. முதலில் எடை. ஐரோப்பாவின் 1,000 கிலோ, 650 கிலோ, 400 கிலோ வரம்புகளைப் பவுண்டுக்கு மாற்றியதால்தான் 2,204, 1,432, 881 என்ற விசித்திரமான எண்கள் வருகின்றன. "881 முதல் 1,432 பவுண்டு" என்று பார்த்தால் இலகு கார் வகுப்பு, "1,432 முதல் 2,204" என்றால் பெரிய கார் வகுப்பு.

எடை வரம்பு எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்கு 1905 ஜனவரி ஆர்மண்ட்-டேடோனாவைப் பாருங்கள். பாஸ்டனின் பௌடன் ஒரு அமெச்சூர். நீட்டிய சேசிஸில் (காரின் அடிச்சட்டம்) இரண்டு மெர்சிடிஸ் எஞ்சின்களை வரிசையாக வைத்து ஒரு மைலை 32 4/5 விநாடியில் ஓடினார், மணிக்கு 109.75 மைல். கார் 2,204 பவுண்டைத் தாண்டியதால் சாதனையாக ஏற்கப்படவில்லை. நேப்பியரில் மெக்டொனால்ட் ஓடிய 34 2/5 விநாடிதான், அதாவது மணிக்கு 104.65 மைல், புத்தகத்தில் ஏறியது. உங்கள் அட்டவணையில் "வேகமான நேரம்" ஒரு பத்தி, "ஏற்கப்பட்ட நேரம்" ஒரு பத்தி என்று இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பௌடன் காணாமல் போவார், அல்லது மெக்டொனால்ட் தோற்றவராகத் தெரிவார்.

அடுத்தது விலை. கடையில் விற்கும் விலையை வைத்து டாலர் வரம்பு. 1908 அக்டோபர் 10 அன்று லாங் ஐலண்டில் புதிய மோட்டார் பார்க்வேயில் ஓடிய மோட்டார் பார்க்வே, மெடோ புரூக், கார்டன் சிட்டி, ஜெரிக்கோ, நாசா ஸ்வீப்ஸ்டேக்ஸ் ஐந்தும் இப்படிப் பிரித்தவை. வாங்குபவர் பார்வையில் நியாயமான முறை. ஆனால் விலைப் பட்டியலில் சில டாலரைக் குறைத்தால் கார் ஒரு வகுப்பு கீழே இறங்கிவிடும். பட்டியல் விலையை மாற்ற ஒரு பேனா போதும். சிலிண்டரை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. இந்த முறை நிலைக்காததற்கு என் கணிப்பில் இதுதான் காரணம்.

மூன்றாவது கன அங்குலம். 1909, 1910இல் இதுதான் நிலைத்தது: 160 வரை, 161–230, 231–300, 301–450, 451–600. கணக்கு மிகச் சுலபம். சிலிண்டர் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.7854ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக் நீளத்தால் (பிஸ்டன் நகரும் தூரம்) பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். எல்லாம் அங்குலத்தில். பியூக் மாடல் 10இன் விட்டமும் ஸ்ட்ரோக்கும் 3¾, நான்கு சிலிண்டர், 165.7 வரும். 161–230 வகுப்பின் அடிமட்டம். கோல் 30க்கு 4க்கு 4, அதாவது 201.1. அதே வகுப்புதான், ஆனால் 35 கன அங்குலம் கூடுதல். மார்மன் 32க்கு 4½க்கு 5, அதாவது 318.1. 1908 வாண்டர்பில்ட் கோப்பையை வென்ற லோகோமொபீலுக்கு 7¼க்கு 6, அதாவது 990.8! 1909இல் அதே கோப்பைக்கு வரம்பு 301–600 ஆனதும் அந்தக் கார் வாசலிலேயே நின்றுவிட்டது. 1908க்கும் 1909க்கும் சராசரி வேகத்தை நேராக ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

கணக்கில் வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, வகுப்பு எல்லை. 4⅜க்கு 5 என்ற அளவில் நான்கு சிலிண்டர் 300.7 தரும். 231–300க்கும் 301–450க்கும் நடுவில் விழுகிறது. மெர்சர் 35இன் அளவு இதுதான், அது 231–300 பிரிவில்தான் ஓடியது; 1911 சவானா சேலஞ்ச் கோப்பையை ஹியூ ஹியூஸ் அதில்தான் வென்றார். ஆகவே நீங்கள் கணக்கிட்ட எண்ணைத் தசமத்தோடு ஒரு பத்தியிலும், அச்சான வகுப்பை வேறு பத்தியிலும் வையுங்கள். கணக்கிலிருந்து வகுப்பை ஊகிக்க வேண்டாம். இரண்டு, ஒரே பெயர், வேறு எஞ்சின். சிலிண்டரை 1/16 அங்குலம் அகலமாகக் குடைந்தாலே கோல் 201இலிருந்து 207க்குப் போய்விடும். மாடல் பெயரை மட்டும் வைத்து அளவை நிரப்பினால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இன்னொன்று. "ஸ்டாக் சேசிஸ்" என்று இருந்தால் விற்பனைக்கு வந்த சேசிஸ், மட்கார்ட், விளக்கு, பின்இருக்கை எல்லாம் கழற்றியது. "நான்-ஸ்டாக்" என்றால் அளவு மட்டும் வரம்புக்குள், மற்றபடி பந்தயத்துக்கென்றே கட்டலாம். "ஃப்ரீ ஃபார் ஆல்" என்றால் வகுப்பு வரம்பு இல்லை. ஒரே ஓட்டுநர் ஒரே நாளில் வகுப்புப் பந்தயத்திலும் ஃப்ரீ ஃபார் ஆலிலும் ஒரே காரில் வருவார்; அது அச்சுப் பிழை அல்ல, அழித்துவிடாதீர்கள்.

மண்தடம்:

மிக்க நன்றி, இருவருக்கும். பத்திகளை மாற்றிவிட்டேன். 1909, 1910 லாங் ஐலண்டில் வீட்லி ஹில்ஸ், மாசபீக்குவா ஸ்வீப்ஸ்டேக்ஸ் இரண்டும் வாண்டர்பில்ட் கோப்பையோடு ஒரே நேரத்தில் ஓடியதாகப் பார்க்கிறேன். மூன்று பந்தயமும் ஒரே சாலையில் என்றால் முடிவு வரிசையை எப்படி எடுப்பது?

சாலைவளைவு பதில்:

ஆமாம், ஒரே நேரத்தில், ஒரே 12.64 மைல் சுற்றில்தான். 1910இல் வாண்டர்பில்ட் 22 சுற்று, 278.08 மைல். வீட்லி ஹில்ஸ் 15 சுற்று. மாசபீக்குவா 10 சுற்று. 1909இல் மாசபீக்குவாவை மேட்சன் சால்மர்ஸ்-டெட்ராய்டிலும், வீட்லி ஹில்ஸை ரே ஹாரௌன் மார்மனிலும் வென்றார்கள். பெரிய கோப்பை இரண்டு ஆண்டும் ஆல்கோ ஓட்டிய ஹாரி கிராண்டுக்கு. இவையும் கார்களைப் பிரித்த பந்தயங்களே, அமெச்சூர் பந்தயங்கள் அல்ல.

மூன்றையும் தனித்தனிப் பந்தயமாகவே பதியுங்கள், ஆனால் "ஒரே ஓட்டம்" என்று மூன்றையும் இணைக்கும் ஓர் அடையாள எண் கொடுங்கள். காரணம் இருக்கிறது. சின்ன கார் 10 சுற்று முடிக்கும் நேரம் முழுக்க 600 கன அங்குல கார்கள் அதை முந்திக்கொண்டே இருக்கும். புழுதிக்குள் ஓட்ட வேண்டும், வளைவில் வழிவிட வேண்டும். இந்த நேரத்தைத் தனியாக ஓடிய இலகு கார் பந்தயத்தின் நேரத்தோடு ஒப்பிட்டால் கார் மெதுவானது என்ற தவறான முடிவுக்கு வருவோம். சவானாவிலும் 1911 நவம்பர் 27 அன்று வாண்டர்பில்ட் கோப்பை, சவானா சேலஞ்ச், டீட்மன் கோப்பை மூன்றும் ஒரே நாளில் வந்தன. 1910இல் சின்ன வகுப்புகள் நவம்பர் 11 அன்றும், கிராண்ட் பிரைஸ் மறுநாளும் தனித்தனியே ஓடின. ஆண்டைப் பார்க்காமல் "சவானா" என்று ஒரே விதி வைக்க முடியாது.

பெரிய ஆபத்து புறப்பாட்டு இடைவெளி. சாலைப் பந்தயங்களில் கார்களை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். 1904 வாண்டர்பில்ட் கோப்பையில் இரண்டு நிமிட இடைவெளி. அதனால் கோட்டை முதலில் தாண்டியவர் வென்றவர் என்று ஆகாது. புறப்பட்ட நேரத்தைக் கழித்த பிறகு கிடைப்பதுதான் ஓட்ட நேரம். 1910 சவானா கிராண்ட் பிரைஸில் ஹெமரி முதலில் கோட்டைத் தாண்டினார். ஆனால் பின்னால் புறப்பட்ட புரூஸ்-பிரௌன் கழித்துப் பார்த்ததில் 1.42 விநாடி குறைவாக ஓடியிருந்தார். 415.2 மைல் ஓடி 1.42 விநாடி! இதை "கோட்டை அடைந்த வரிசை" என்று பதிந்தால் வென்றவரே மாறிவிடுவார். ஹேண்டிகேப் அல்லாத மண் தட அமெச்சூர் போட்டிகளில் எல்லோரும் சேர்ந்தே புறப்படுவதால் அங்கே இந்தத் தொல்லை கிடையாது.

நேரங்கள் பெரும்பாலும் விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு வரை அளந்தவை. 4/5 என்றால் 0.8 என்று தசமமாக ஏற்றுங்கள். ஒரு மைல் ஓட்டங்களைச் சரிபார்க்க 3,600ஐ விநாடியால் வகுங்கள். 1904இல் வாண்டர்பில்டின் 39 விநாடிக்கு 92.3 மைல் வருகிறதா பாருங்கள். அச்சில் இருக்கும் வேகமும் நேரமும் ஒத்துவராவிட்டால் நேரத்தை நம்புங்கள். வேகம் பெரும்பாலும் பிறகு கணக்கிட்டு எழுதியது.

அமெச்சூர் விஷயத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஒன்று: பதிவு செய்தவர் பெயரும் ஓட்டியவர் பெயரும். 1904 வாண்டர்பில்ட் கோப்பையில் பணக்காரர்கள் பெயரில் கார்கள் நிறைய. ஆனால் கோல்ட் புரோகாவின் ரெனோவை ஓட்டியது பெர்னின். கிரே டின்ஸ்மோரின் மெர்சிடிஸை ஓட்டியது வெர்னர். ஸ்டீவன்ஸின் மெர்சிடிஸில் கேம்பெல். உரிமையாளரே ஓட்டியதற்கு ஜார்ஜ் ஆரண்ட்ஸ் உதாரணம். அவர் கார் விபத்தில் சிக்கி, உடன் சென்ற மெக்கானிக் இறந்தார். "மிஸ்டர் இன்னாரின் மெர்சிடிஸ்" என்று செய்தியில் இருந்தால் அதை உரிமையாளர் பத்தியில் மட்டும் போடுங்கள். ஓட்டியவர் யார் என்று வேறு சான்று கிடைக்கும்வரை ஓட்டுநர் பத்தி காலியாகவே இருக்கட்டும். உடன் சென்ற மெக்கானிக்குக்கும் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். அமெச்சூரின் பக்கத்தில் உட்கார்ந்தவர் பல சமயம் சம்பளத்துக்கு வந்தவர். ஓட்டுநருக்கு இருந்த அதே ஆபத்து அவருக்கும் இருந்தது, ஆனால் பெயர் அச்சில் வருவது அபூர்வம். கிடைத்த இடத்திலெல்லாம் பதிந்துவிடுங்கள்.

கியர்பெட்டி:

ஹேண்டிகேப் பற்றி யாரும் தொடவில்லை. முறை இதுதான்: பத்து மைல் பந்தயம், ஒரு மைல் தடம், ஒரு கார் சுற்றுக்கு 60 விநாடி, இன்னொன்று 75 விநாடி என்று வையுங்கள். பத்து சுற்றில் வித்தியாசம் 150 விநாடி. மெதுவான கார் 150 விநாடி முன்னதாகப் புறப்படும். கணக்கு சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாகக் கோட்டுக்கு வர வேண்டும். பழகும் ஓட்டத்தில் ஒருவர் வேண்டுமென்றே மெதுவாக ஓடினால் சலுகை கூடிவிடும். புறப்பட்ட இடத்திலேயே எஞ்சின் தயங்கினால் பெற்ற சலுகை வீண். எனவே ஹேண்டிகேப்பில் "இடம்" ஒரு தகவல், "ஓட்ட நேரம்" வேறொரு தகவல், "சலுகை விநாடி" மூன்றாவது தகவல். மூன்றும் கிடைக்காத வரியை வேக ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். வென்ற கார் அன்றைய மெதுவான காராகவும் இருக்கலாம்.

கோப்பைக்கணக்கு:

ஒரு சேர்க்கை. அனுமதி இல்லாத கூட்டத்தில் ஓட்டினால் ஏஏஏ தடை போடும். 1910இல் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சனோடு ஓட்டியதற்கு ஓல்ட்ஃபீல்டையே தடை செய்தார்கள். ஒரு ஓட்டுநர் சில மாதங்கள் பட்டியலில் காணவில்லை என்றால் காயம், ஓய்வு என்று எழுதுவதற்கு முன் தடை இருந்ததா என்று பாருங்கள்.

அட்டவணையைப் பின்னால் நீட்டும் எண்ணம் இருந்தால், அமெச்சூர் துணைப் பந்தயம் சாலைத் தடத்திலேயே சுத்தமான வடிவில் கிடைப்பது 1948 அக்டோபர் 2, வாட்கின்ஸ் கிளென். 1944இல் தொடங்கிய எஸ்சிசிஏ என்ற அமெச்சூர் சங்கத்தின் விதிகளில் நடந்தது. 6.6 மைல் சுற்றில் முதலில் நான்கு சுற்று ஜூனியர் பிரிக்ஸ், 26.4 மைல். அதன் பிறகு எட்டு சுற்று கிராண்ட் பிரிக்ஸ், 52.8 மைல். இரண்டையும் ஆல்ஃபா ரோமியோ 8சி 2900இல் ஃபிராங்க் கிரிஸ்வோல்ட் வென்றார். இங்கே இரண்டு பந்தயமும் அமெச்சூர். துணை என்பது நீளத்தில் மட்டும். அதனால் "துணையா" என்று ஒரு பத்தி, "அமெச்சூரா" என்று இன்னொரு பத்தி. ஒன்றிலிருந்து மற்றதைத் தானாக நிரப்பும் சூத்திரம் ஏதாவது வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.